காலையில் படித்ததை மாலைக்குள்

அக்காவின் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டதும், செய்துகொண்டிருந்த வேலையை நாங்கள் அத்தனை பேரும் அவசரமாகச் சேமித்துக்கொள்வோம். அவர் உட்கார்ந்துதான் படிக்கத் தொடங்குவார். கட்டுரை சுமாராக இருந்தால் உட்கார்ந்தபடியே படித்து முடித்துவிடுவார். நன்றாக இருந்தால் பாதியில் எழுந்துவிடுவார். மடிக்கணினியை ஒரு கையில் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு, மறு கையால் பக்கத்தை நகர்த்தியபடி, அறைக்குள் நடந்துகொண்டே மீதியைப் படிப்பார். முடித்ததும் எங்கள் பக்கம் திரும்புவார். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அன்றைக்கு எங்கள் வேலை மாறப்போகிறது என்று.

பழங்காநத்தத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய கம்பெனி. மதுரையைச் சுற்றியிருந்த கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்போம். அவர் முதலாளி. ஆனால் யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. டீ கொண்டுவருகிறவர் முதல் வாடகை வாங்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அக்காதான்.

இணையத்தில் தொழில்நுட்பம், வியாபாரம் பற்றி வரும் கட்டுரைகளை அவர் படித்த மாதிரி வேறு யாரும் படித்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பார். மாவு அரைபடும்போது மில் வாசலில் நின்று படிப்பார். படித்ததெல்லாம் ஆங்கிலம். எங்களிடம் சொல்லும்போது அது பக்கத்துத் தெருவில் நடந்த சங்கதியாகிவிடும். "ஒருத்தன் இருக்கான், கனடாவுல. ஊருக்கு வெளிய தனி வீடு. பொண்டாட்டி திட்டிக்கிட்டே இருக்கா. இவன் கார் நிறுத்துற ஷெட்டுல உக்காந்து ஒரே ஒரு சாமானத்த மட்டும் செஞ்சு விக்கிறான்" என்று ஆரம்பிப்பார். பொண்டாட்டி திட்டினாள் என்று கட்டுரையில் இருந்திருக்காது. அது அக்கா சேர்த்தது.

அவரிடம் நான் நேர்காணலுக்குப் போனது கல்லூரி முடித்த கையோடு. சான்றிதழ்களை அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: சமீபத்தில் படித்ததில் உனக்குப் பிடித்தது எது? விடுதியில் எப்போதோ படித்த ஒன்று ஞாபகம் வர, அதைச் சொன்னேன். தொடுதிரையில் நாம் தட்டச்சு செய்யும்போது, அடுத்து எந்த எழுத்து வரும் என்று போன் ஊகித்து, கண்ணுக்குத் தெரியாமல் அந்த எழுத்தின் இடத்தைப் பெரிதாக்கிவிடுமாம். விரல் கொஞ்சம் தப்பிப் பட்டாலும் சரியான எழுத்தே விழுவது அதனால்தானாம்.

அக்கா தன் போனை எடுத்து வேண்டுமென்றே விரலைத் தள்ளித் தள்ளி அழுத்திப் பார்த்தார். எழுந்து நின்றார். ஜன்னல் வரைக்கும் போனார். நான் உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டார் போலிருந்தது. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்க வாங்கடா எல்லாரும். இந்தப் பிள்ள ஒண்ணு சொல்லுது, கேளுங்க."

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குத் திருமங்கலம் பஸ் ஏறுவதற்குள், ஒரு ஜவுளிக்கடையின் இணையதளத்தில் கட்டைவிரல் எளிதாகப் போய்ச்சேரும் இடத்துக்குப் பொத்தான்கள் எல்லாம் இடம் மாறிப் பெரிதாகியிருந்தன. வேலையில் சேரும் முன்பே என் முதல் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

அவர் குணமே அதுதான். படித்தது எதுவானாலும் அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும். "படிச்சிட்டு எப்படிடி சும்மா உக்காந்திருக்கது?" என்பார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்பார்.

வீட்டிலும் அப்படித்தான். கார் தொழிற்சாலையில் கருவிகளை எந்த வரிசையில் வைத்தால் கைவீச்சு மிச்சமாகும் என்று படித்த அன்று அடுப்படியை அப்படியே மாற்றி அடுக்கிவிட்டார். அவர் வீட்டுக்காரர் மறுநாள் அலுவலகத்துக்குப் போன் செய்து, உப்பு எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். அக்காவிடம் கேட்டால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுவார், நேரமாகிவிடும் என்றார்.

எல்லாம் பலித்தது என்று சொல்லமாட்டேன். கூட்டம் போட்டுப் பேசுவதில் நேரம் வீணாகிறது, எதையும் எழுதியே தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் யாரும் யாரோடும் பேசக்கூடாது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்பதைக்கூட எழுதித்தான் அனுப்ப வேண்டும். கீழே பாத்திரக்கடையில் அண்டாக்கள் மோதும் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகி ஒரு கணினியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவன் ஒழுங்காக அக்காவுக்கு எழுதி அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தான். அத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது. அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அக்காதான்.

சிரிக்க முடியாதவர்களும் இருந்தார்கள். எங்களில் மூத்தவர் ஒருவர், இங்கே வேலை பார்ப்பதென்றால் தினமும் காலையில் புதிதாக வேலைக்குச் சேருவது மாதிரி இருக்கிறது என்று சொல்லி விலகிப் போனார். அக்கா அன்று முழுவதும் எதையும் படிக்கவில்லை.

மேலூர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அங்கே விதையும் மோட்டார் பம்பும் விற்கிற ஒரு கடைக்குத் தளம் செய்திருந்தோம். திறந்ததும் முதல் பக்கம் முழுக்கக் கடைக்காரரின் காலமான அப்பா படம். மாலை போட்டு, அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பெரிதாக. அதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஒருநாள் அக்கா ஒரு கட்டுரை படித்தார். சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்களில் கனமான பக்கங்கள் திறப்பதற்குள் மக்கள் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்த ஆள், அதைத் தெரிந்துகொள்ளத் தன் நாட்டில் ஒரு ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "அவரு போயி உக்காந்திருக்காரு. நம்ம எப்பவாச்சும் போனமா?" என்று அக்கா கேட்டார். பதினோரு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு மாட்டுத்தாவணி போய் மேலூர் பஸ் ஏறினோம்.

மேலூர் பஸ் நிலையத்தில் மண்வெட்டிக் காம்பு ஒன்றைப் புதிதாக வாங்கிவைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். அக்கா அவரிடம் போய், உங்கள் போனில் இந்த மோட்டார் கடையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள் என்றார். திரை வெள்ளையாக இருந்தது. வட்டம் சுற்றியது. மெதுவாகத் திருநீற்று நெற்றி தெரிந்தது. பிறகு புருவம். நாங்கள் எல்லோரும் அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

"இவரு மீசை வர்றதுக்குள்ள என் பஸ்ஸு போயிரும்த்தா" என்று சொல்லிவிட்டு, காம்பைத் தோளில் சாத்திக்கொண்டு அந்த அம்மா ஏறிப் போய்விட்டார்.

அக்கா நேராகக் கடைக்கு நடந்தார். கடைக்காரர் படத்தை எடுக்க ஒப்பவே இல்லை. தன் கடையில் உட்கார்ந்து பார்த்தால் உடனே வருகிறதே என்று காட்டினார். கடையில் வைஃபை இருந்தது. அக்கா வாதாடவில்லை. அவரைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்து, அதே இடத்தில் நிறுத்தி, அவர் போனிலேயே திறக்கச் சொன்னார். அவர் நின்றார். நெற்றி வந்தது. புருவம் வந்தது. வெயிலில் வேர்த்துக்கொண்டு தன் அப்பாவின் முகத்துக்காகக் காத்து நின்ற அவர், கொஞ்ச நேரத்தில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எங்கப்பா ஒரு நாளும் யாவாரத்துக்கு வந்தவுகளக் காக்க வச்சதில்ல. சின்னதாப் போடுங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா உட்காரவே இல்லை. இடம் இருந்தும் மதுரை வரைக்கும் நின்றுகொண்டே பேசிக்கொண்டு வந்தார்.

நான் அங்கே நான்கு வருடம் இருந்தேன். பிறகு கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். இப்போது இருப்பது பெரிய கம்பெனி. எதையாவது மாற்றுவதென்றால் ஆறு மாதம் பேசுவார்கள். அக்காவின் கம்பெனி அதே மாடியில்தான் இருக்கிறது, பக்கத்து அறையையும் எடுத்திருக்கிறார்கள் என்று சரவணன் சொன்னான். இந்தச் சரவணன் என்னோடு வேலை பார்த்தவன். அதிகம் பேசமாட்டான். கொடுத்த வேலையைத் தலைகுனிந்து முடிப்பான். மண்டபங்களுக்கு முன்பதிவு செய்யும் பகுதிக்கு நிரல் எழுதியது அவன்தான். அதைத் தனியாகவே எழுதினான்.

அந்தக் கதைக்கு வருகிறேன். அக்கா படித்து, செய்ய முடியாமல் தவித்த கட்டுரை ஒன்று உண்டு. பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள், தங்கள் சேவை பழுதாகிப் போனால், என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று ஊரறிய எழுதிவிடுவார்களாம். யார் செய்தது என்று மட்டும் எழுதமாட்டார்களாம். பெயரைத் தேட ஆரம்பித்தால் எல்லோரும் மறைக்க ஆரம்பித்துவிடுவார்கள், பழுது அப்படியே இருக்கும் என்பது அவர்கள் வாதம். அக்கா அதை நடந்துகொண்டே இரண்டு முறை படித்தார். சாயங்காலத்துக்குள் நாமும் ஒன்று எழுத வேண்டும் என்றார். ஆனால் எழுதுகிற அளவுக்கு எங்களிடம் தவறு இல்லை. ஒரு பள்ளிக்கூடத் தளத்தில் எழுத்துப்பிழை இருந்ததைச் சொன்னோம். அவருக்குத் திருப்தி இல்லை. தப்புக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார்.

சில மாதம் கழித்து அந்தத் தவறு வந்தது. திருமங்கலம் போகும் சாலையில் ஒரு மண்டபம். ஆவணி மாதத்தில் நல்ல முகூர்த்த நாள் ஒன்று. அந்த ஒரே நாளுக்கு எங்கள் தளம் இரண்டு குடும்பத்துக்கு மண்டபத்தைக் கொடுத்திருந்தது. இரண்டு வீட்டிலும் பத்திரிகை அடித்துப் பாதிக்குமேல் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஒரு வீட்டார் மேடையை அளக்கப் போயிருக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே இன்னொரு வீட்டார் அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

மண்டபக்காரர் போனில் கத்தியது எங்கள் அறை முழுக்கக் கேட்டது. சரவணன் தான் எழுதியதைத் திறந்து பார்த்தான். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தான். அக்கா பக்கத்தில் போய் நின்று பார்த்தார். அவனை எதுவும் கேட்கவில்லை. கிளம்பு, நீயும் வா என்று மட்டும் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் போனோம்.

மண்டபத்து அலுவலக அறையில் இரண்டு பெண்களின் அப்பாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் பழங்காநத்தத்துக்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இன்னொருவர் திருமங்கலம் பக்கத்து விவசாயி. துண்டை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார்.

"யாரு செஞ்சது? அத மட்டும் சொல்லுத்தா" என்றார் அந்த விவசாயி.

"எங்க கம்பெனி செஞ்சதுண்ணே."

"கம்பெனிக்குக் கை இருக்கா?"

எனக்குப் பின்னால் சரவணன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே கிடந்த காலி நாற்காலி ஒன்றை இழுத்து நடுவில் போட்டார். "யாருன்னு சொன்னா நீங்க அவனத் திட்டிட்டுப் போயிருவீக. எப்படின்னு கேளுங்கண்ணே, சொல்றேன். இது பஸ்ஸு சீட்டுன்னு வைங்க. நீங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்தீக, காலியா இருந்துச்சு. அண்ணன் வாசல் வழியாப் பாத்தாரு, அவருக்கும் காலியாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல துண்டு போட்டீக. காலியான்னு பாக்குறதுக்கும் துண்டு போடுறதுக்கும் நடுவுல ஒரு நொடி இருக்கு. அந்த நொடியப் பூட்டி வச்சிருக்கணும். நாங்க பூட்டல."

கண்டக்டர் முதலில் சிரித்தார். துண்டுச் சண்டையைத் தீர்த்தே தன் சர்வீஸ் போச்சு என்றார். விவசாயி சிரிக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒருவருக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று மண்டபக்காரர் சொன்னதை இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நாளுக்கு மதுரையில் வேறு மண்டபம் கிடைக்காது. அக்கா முகூர்த்த நேரம் என்ன என்று விசாரித்தார். கண்டக்டர் வீட்டுக்கு ஆறிலிருந்து ஏழரை. விவசாயி வீட்டுக்கு ஒன்பதிலிருந்து பத்தரை.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். நானும் சரவணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒரு பிளேன் எறங்குதுண்ணே. உள்ள இருக்கவங்க எறங்கணும், குப்பைய அள்ளணும், சாப்பாடு ஏத்தணும், அடுத்த ஆளுக ஏறணும். எல்லாத்தையும் முக்கா மணி நேரத்துல முடிச்சுக் கெளப்பிர்றான். எப்படிச் செய்யிறான்னு நான் படிச்சிருக்கேன். நமக்கு ரெண்டு முகூர்த்தத்துக்கும் நடுவுல ஒன்றரை மணி நேரம் இருக்கு."

"எம் மக கல்யாணம் பிளேனாத்தா?" என்றார் விவசாயி.

"இல்லண்ணே. அதனாலதான் ஒன்றரை மணி நேரம்."

அவரைச் சம்மதிக்க வைத்தது அக்காவின் பேச்சு மட்டுமல்ல. சமையலுக்கு யார் என்று கண்டக்டர் கேட்டபோது, இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல்காரர் என்று தெரியவந்தது. போன் போட்டு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். ஒரே மண்டபமாகச் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன் என்றாராம் அவர். அந்த அறையில் விவசாயி முகம் முதல்முறையாகக் கொஞ்சம் இளகியது அப்போதுதான்.

அன்று இரவே அக்கா நடந்தது முழுவதையும் தமிழில் எழுதி எங்கள் தளத்தில் போட்டார். பஸ், துண்டு, பூட்டாமல் விட்ட நொடி எல்லாம் அதில் இருந்தது. எந்தப் பெயரும் இல்லை. படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடம் எங்களை விட்டுப் போனது. வேறொரு மண்டபக்காரர், தன் தளத்தில் அந்த நொடி பூட்டியிருக்கிறதா என்று கேட்டுப் போன் செய்தார்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். யார் எந்த வாசலில், யார் மேடையில், யார் பந்தியில் என்று அக்கா பிரித்துக் கொடுத்திருந்தார். மேடைப் பூ அலங்காரம் இரண்டு வீட்டுக்கும் பொது. பெயர்ப்பலகை மட்டும் மாற வேண்டும். அது என் பொறுப்பு.

கல்யாணத்தன்று, கண்டக்டர் மகள் கழுத்தில் தாலி ஏறியதும் எங்களுக்குக் கை கால் ஓயவில்லை. ஒருவர் மணவறையைக் கூட்டினார், ஒருவர் குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டார். முதல் வீட்டுச் சீர்வரிசை பின்வாசல் வழியாக வெளியே போகும்போது இரண்டாம் வீட்டுச் சீர்வரிசை முன்வாசலில் வந்துகொண்டிருந்தது. மொய் வேறு வீட்டுக்குப் போய்விடுமோ என்பதுதான் எல்லோருக்கும் இருந்த பயம். அதனால் கண்டக்டர் தன் மகளை ஆசீர்வதித்த கையோடு வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் எந்த வீடு என்று கேட்டு, "படியில நிக்காதீக, உள்ள போங்க, உள்ள போங்க" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

நான் மாட்டப்போன இரண்டாம் வீட்டுப் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்து உடைந்துவிட்டது. இனிப்புப் பெட்டி அட்டையை வெட்டி, சாமந்தி இதழை ஒட்டி, மாப்பிள்ளை மேடைக்கு ஏறுவதற்குச் சற்று முன்னால் மாட்டினேன். கீழே பார்த்தேன். அக்கா பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல், பந்திக்கும் மேடைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷி ஓடி நான் பார்த்ததில்லை. இரண்டாவது கெட்டிமேளம் ஒன்பதரைக்குக் கேட்டது.

எல்லாம் முடிந்து கடைசிப் பந்தியில்தான் நாங்கள் உட்கார்ந்தோம். அக்காவுக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் சரவணன். விவசாயி பாயச வாளியைத் தானே தூக்கிக்கொண்டு பரிமாறி வந்தார். எங்கள் இலைக்கு வந்ததும் நின்றார்.

"இப்ப எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. இப்பவாச்சும் சொல்லுத்தா. யாரு அது?"

அக்கா வாயில் சோற்றோடு, அது எப்படி நடந்ததென்றால் என்று மறுபடி தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் சரவணன் தலையை நிமிர்த்தினான்.

"நான்தாண்ணே எழுதுனது."

அக்கா பேச்சை நிறுத்தினார். விவசாயி கரண்டியைப் பிடித்தபடியே அவனைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். அவன் சொன்னான். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். அவர் குனிந்து அவன் இலையில் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினார். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"ஒனக்கு ஆகும்போது மண்டபத்த நேர்ல வந்து புடி மாப்ள" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.